உள் நம்பர் பதினான்கு

“யாரோ என் மனைவியைக் கொல்லப் பார்க்கிறாங்க மேடம். அதுவும் இந்த வீட்டுக்குள்ள காலே வைக்காம.”

அவர் இதைச் சொன்னது நான்காவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் நான்காவது மாடி. ஏறி வந்த களைப்பில், அன்றைக்கு முதலில் சாகப் போவது நான்தான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு மட்டும் மூச்சு வாங்கவே இல்லை. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, என் முதலாளி. வெகு காலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். எக்ஸ்சேஞ்சை இழுத்து மூடியதும் துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். “ரெண்டும் ஒரே வேலைதான்டா. அடுத்தவங்க பேசுறதைக் கேக்கணும், கேக்காத மாதிரி இருக்கணும்” என்பார். அவரிடம் சேருவதற்கு முன்னால் நான் வீடு வீடாகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஏறி இறங்குவதைப் பார்த்து எவனோ ‘பல்லி’ என்று கூப்பிட்டான். இப்போது என் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்களை வரவழைத்தவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தலைக்கு அடித்த சாயம் காது மடலிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பேச்சில் அத்தனை மரியாதை.

“முதல்ல அவங்களைப் பார்க்கலாமா?” என்றார் அக்கா.

அந்த அறைக்குள் போனோம்.

கட்டிலில் ஒரு பெண்மணி மல்லாந்து படுத்திருந்தார். கழுத்தில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் சுவாச இயந்திரம். இயந்திரம் காற்றை ஊதியபோது அவர் நெஞ்சு எழுந்தது, விட்டபோது தாழ்ந்தது. வெளியே மேகம் மூடிக்கொண்டு மத்தியானமே மங்கியிருந்தது. கால்மாட்டுச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் டிவியிலேயே இருந்தன.

“கார் விபத்து” என்றார் கான்ட்ராக்டர். “கை, கால், பேச்சு எல்லாம் போச்சு. புத்தியும் போச்சுன்னுதான் நினைக்கிறோம். டாக்டர் உறுதியா எதுவும் சொல்லலை. வலது கட்டைவிரல் மட்டும் சும்மா துடிச்சிட்டே இருக்கும்.”

அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் டிவி ரிமோட் இருந்தது.

“அது எதுக்கு?” என்று கேட்டார் அக்கா.

பதில் சொன்னது ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸ். “கையில அது இருந்தா அமைதியா இருப்பாங்கம்மா. எடுத்தா கண்ணுல தண்ணி வந்துடும். குழந்தைங்க பொம்மையைப் பிடிச்சுக்கிற மாதிரி.”

கான்ட்ராக்டர் விஷயத்துக்கு வந்தார். காற்றழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இந்த இயந்திரம் கத்தும். அந்த அளவு எவ்வளவு என்று நாம்தான் வைக்க வேண்டும். அதற்கென்று வெப்சைட் மாதிரி ஒரு பக்கம் இருக்கிறது, போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து மாற்றிக்கொள்ளலாம். வேலைக்குப் போன இடத்திலிருந்தே மனைவியைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று, மெஷின் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு வீட்டு நெட்வொர்க்கில் வெளியிலிருந்து வர ஒரு வழி திறந்து வைத்திருந்தார். 

“அதுலேர்ந்துதான் மேடம் பிடிச்சது சனி. அளவு தானா ஏறுது, மெஷின் ஊரைக் கூட்டுது. கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டு மெஷின்ல கோளாறே இல்லைன்னுட்டாங்க. எவனோ வெளியில உட்கார்ந்துக்கிட்டு விளையாடுறான். நான் பக்கத்துல போய் உட்கார்ந்தாலே கத்துது. கை வைக்கிறதுக்கு முன்னாடியே கத்துது!”

“நர்ஸம்மா பக்கத்துல இருக்கும்போது?”

“ஒரு நாளும் கத்தினதில்லைம்மா” என்றார் நர்ஸ். “நான் சமையலறைக்கோ கடைக்கோ போயிருப்பேன், சார் உள்ள இருப்பாரு, அப்பதான் கத்தும். அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வருவேன்.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். நான் ஹாலுக்குப் போய் ரௌட்டரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படி ஒரு வேலை. ஒவ்வொரு ஒயரும் கட்டுக் கட்டாக, ஒவ்வொன்றின் கழுத்திலும் எங்கே போகிறது என்று எழுதிய சின்னச் சீட்டு. நான் இழுத்த ஒயர்களைப் பார்த்தால் காக்கை கூடு கட்டுவதை விட்டுவிடும்.

“யாரு சார் போட்டது?”

“அவதான்” என்று அறையைக் காட்டினார் கான்ட்ராக்டர். “நெட்வொர்க் இன்ஜினியரா இருந்தா. பெரிய பெரிய ஆபீஸுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவ.”

அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு மனைவியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் கொஞ்சும் குரலில் பேசி மெதுவாகச் சிரிப்பது கேட்டது. அக்கா அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா இருக்கு அதுல? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.”

“உங்க எக்ஸ்சேஞ்ச் மாதிரிதான்க்கா. இந்த டப்பாதான் போர்டு. வெளியிலேர்ந்து வர்ற கால் இது வழியாத்தான் வரணும். வீட்டுக்குள்ள இருக்குற ஒவ்வொண்ணுக்கும் ஓர் உள் நம்பர். இவர் போனுக்கு ஒண்ணு, லேப்டாப்புக்கு ஒண்ணு, மெஷினுக்கு ஒண்ணு.”

“அளவை மாத்தினது எந்த நம்பர்?”

இயந்திரத்தின் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததேதான். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியாக மாற்றியது யார் என்று அங்கேயே போட்டிருந்தது. உள் நம்பர் பதினான்கு.

“அப்போ வெளிக் கால் இல்ல. உள்ளேயிருந்து போன கால்” என்றார் அக்கா.

கான்ட்ராக்டர் வந்ததும் அவருடைய போனையும் லேப்டாப்பையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் பதினான்கு இல்லை. நர்ஸின் போனும் இல்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. எனக்கு விடை பளிச்சென்று தெரிந்துவிட்டது. எனக்குப் பளிச்சென்று தெரிகிற விடைகளின் லட்சணம் அக்காவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

“பக்கத்து வீட்டுக்காரன் எவனோ உங்க வைஃபை பாஸ்வேர்டைச் சுட்டுட்டான் சார். அங்க உட்கார்ந்துக்கிட்டே இந்த வீட்டு ஆள் மாதிரி உள்ள வர்றான்.”

“பிடிக்க முடியுமா?”

“பிடிக்கிறது அப்புறம். முதல்ல கதவைச் சாத்திடலாம்.”

சாத்தினேன். வெளியிலிருந்து வரும் வழியை அடைத்தேன். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். இயந்திரம் ஒயரில் இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. கான்ட்ராக்டரின் போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் புதிய பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன்.

“இனிமே எவனும் உள்ள வர முடியாது சார்.”

“நூத்துக்கு நூறா?”

“உங்களைத் தவிர வேற யாராலயும் அந்த மெஷினைத் தொட முடியாது.”

அந்த ஆள் விட்ட பெருமூச்சு எனக்கு அப்போது இனித்தது. இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

“தம்பி, இன்னும் ஒரே ஒரு உதவி. சும்மாச் சும்மா கத்தினா அவளுக்கும் தொந்தரவு. அந்த அளவை எப்படி நல்லா இறக்கி வைக்கிறது?”

சொல்லிக் கொடுத்தேன். பொறுமையாக, அவரே ஒருமுறை செய்து பார்க்கும் வரைக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அறையை எட்டிப் பார்த்தோம். டிவியில் படம் நின்று, ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ரிமோட் அதே கையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்மணியின் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“டிவி நின்னுடுச்சே” என்றார் நர்ஸ்.

“அது கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார் கான்ட்ராக்டர். “நர்ஸம்மா, நீங்களும் ரொம்ப நாளா வீட்டுக்குப் போகலை இல்ல? இவங்ககூடவே கிளம்புங்க. நாளைக்குக் காலையில வந்தாப் போதும். இன்னிக்கு நான் பார்த்துக்கறேன்.”

நர்ஸுக்கு மகிழ்ச்சி. எங்களுக்கு முன்னால் படியிறங்கி, பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

எதிர்ச்சாரியில் ஒரு காபிக் கடை. அக்கா கப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடி ஜன்னலையே பார்த்தார். கேஸ் முடிந்த பிறகு முதலாளி இப்படி நின்றால் எனக்குக் கை கால் ஓடாது.

“பல்லி, நான் ஒருத்தியைக் கொல்லணும்னு வெச்சுக்கோ. மெஷின்ல எதை மாத்துவேன்?”

“அளவை அடிமட்டத்துக்கு இறக்குவீங்க. குழாயே கழண்டாலும் சத்தம் வராது.”

“இந்தப் பதினான்காம் நம்பர் ஆள் ஏத்தியிருக்கான்டா. ஒண்ணும் ஆகலைன்னாலும் கத்துற மாதிரி ஏத்தியிருக்கான். கொல்ல வந்தவன் எதுக்குடா ஊரைக் கூப்பிடுறான்?”

என் வாயில் காபி அப்படியே நின்றது.

“அதுவும் எப்போ? நர்ஸ் இல்லாதப்போ. புருஷன் தனியா உள்ள இருக்கறப்போ மட்டும். கை வைக்கிறதுக்கு முன்னாடியே கத்துதுன்னாரே, எதுல கை வைக்கிறதுக்கு முன்னாடி? பொண்டாட்டிகிட்ட உட்கார்ந்து பேசுற மனுஷன் அப்படியா சொல்லுவான்?”

“அக்கா... அப்போ அந்தப் பதினான்கு அவரோட எதிரி.”

“அந்தம்மாவோட காவல். அது யாருன்னு தெரியலையே. வீட்டுக்குள்ளதான் இருக்கு.”

கடைக்காரர் வியாபாரம் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரிலிருந்த டிவியில் ஏதோ பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். ரிமோட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, திரையில் ஓர் எழுத்து, பக்கத்தில் போய் இன்னோர் எழுத்து. சலிக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தேன்.

“அக்கா. டிவி.”

“என்னடா?”

“டிவிக்கும் உள் நம்பர் உண்டுக்கா! போனைப் பார்த்தேன், லேப்டாப்பைப் பார்த்தேன், அதை ஒரு பொருளாவே நினைக்கலை. அதுலயும் மெஷினோட பக்கத்தைத் திறக்கலாம். நான் பாஸ்வேர்டை மாத்தினதும் வட்டம் சுத்தினதே, அது தொடர்பு அறுந்துதான். பதினான்கு வேற யாரும் இல்ல. இந்த நெட்வொர்க்கையே போட்ட அந்தம்மாதான்.”

அக்கா கப்பை மேஜையில் வைத்தார். காபி சிந்தியது.

“புத்தி போகலை” என்றார் மெதுவாக. “எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரியுதுன்னு அவனுக்குக் காட்டாம இருந்திருக்காங்க. காட்டியிருந்தா ரிமோட்டைப் பிடுங்கியிருப்பான். நர்ஸ் அவன்கிட்ட சம்பளம் வாங்குறவங்க, நம்மளையும் அவன்தான் கூட்டிட்டு வந்தான். யாரை நம்பிச் சொல்லுவாங்க? கத்துறதுக்கு அந்த மெஷின் ஒண்ணுதான் இருந்துச்சு.”

“அதை நான் அடைச்சுட்டேன்.”

“அடைச்சது மட்டுமாடா? எப்படி இறக்கறதுன்னு அவனுக்குப் பாடம் வேற எடுத்துட்டு வந்திருக்கோம். யாரோ வெளியாள் பண்றான்னு நாளைக்குச் சாட்சி சொல்லவும் நாமதான்.”

அவர் குரல் நடுங்கி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“நாலு மாடி ஏறணும். அதுக்குள்ள...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “என்னடா முழிக்கிற?”

“திட்டக் கூடாது.”

“சொல்லித் தொலை!”

“கேபிள்காரன் புத்திக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குன்னு ஒரு வழி விட்டுட்டுத்தான் வருவேன். எதாவதுன்னா மறுபடி ஏறாம கீழேயிருந்தே பார்த்துடலாம்னு. இங்கேயும் லிஃப்ட் இல்லையா... மத்த வழியெல்லாம் சாத்திட்டேன், என்னோடதை மட்டும் விட்டு வெச்சிருக்கேன்.”

சோம்பேறித்தனத்துக்காக அக்கா என்னைத் திட்டாத ஒரே நாள் அதுதான்.

“முதல்ல அவங்க வாயைத் திறந்து விடு.”

போனை எடுத்தேன். ரௌட்டருக்குள் போய்ப் பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டேன். டிவி பழையதை மறந்திருக்காது, தானே வந்து ஒட்டிக்கொள்ளும். கான்ட்ராக்டரின் போனுக்கும் லேப்டாப்புக்கும் நான் போட்டுக் கொடுத்தது புதியது, அவை அறுந்து போகும்.

இயந்திரத்தின் பக்கத்தைத் திறந்தேன். அளவு அடிமட்டத்தில் கிடந்தது. அதற்குக் கீழே இறக்க இடமே இல்லை. காற்றழுத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, ஆரம்பிச்சுட்டான்.”

நான் ஏற்றலாம் என்று விரலை வைத்தேன். வைப்பதற்குள் அந்த எண் தானாக ஒரு படி ஏறியது. இன்னொரு படி. மாற்றியது உள் நம்பர் பதினான்கு என்று பக்கத்தில் வந்தது. அவர் அங்கே மூச்சுக்குத் தவித்துக்கொண்டே அமுக்கிக்கொண்டிருந்தார்.

நான்காவது மாடி ஜன்னலிலிருந்து அந்த அலறல் தெரு முழுக்கக் கேட்டது.

ஓடினோம். அக்கா ஓடிக்கொண்டே போலீஸுக்குப் போன் செய்தார். முதல் மாடியில் இருக்கும்போது சத்தம் நின்றது. இயந்திரத்திலேயே வாயை மூட ஒரு பட்டன் உண்டு, அமுக்கிவிட்டான். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் மூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டிரண்டு படியாகத் தாவினேன். மூன்றாவது மாடியில் மறுபடி கத்தியது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. “திரும்பவும் ஆரம்பிச்சிருச்சா?” என்று கேட்டவர்களிடம் அக்கா, “எல்லாரும் மேல வாங்க” என்று மட்டும் சொன்னார். வந்தார்கள்.

நாங்கள் இடித்த இடியில் கான்ட்ராக்டர் கதவைத் திறந்தார். வியர்வையில் சாயம் கழுத்து வரை இறங்கியிருந்தது.

“பாருங்க மேடம், மறுபடியும் உள்ள வந்துட்டான்! அடைச்சுட்டேன்னு சொன்னீங்களே தம்பி!”

அக்கா அவரை ஒதுக்கிக்கொண்டு அறைக்குள் போனார். கழுத்தருகே குழாயின் இணைப்பு பாதி கழன்று காற்று சீறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்மணியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அக்கா இணைப்பை அழுத்திப் பொருத்தினார். நெஞ்சு எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. கட்டைவிரல் ரிமோட்டை விடவே இல்லை.

“இருமினா... கழண்டுடுச்சு போல. நான் அதைத்தான் சரி பண்ணப் போனேன்” என்றார் கான்ட்ராக்டர். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். “எவன்னு கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?”

“கண்டுபிடிச்சாச்சு சார்.”

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தார்.

“அம்மா, இவர் கூட்டிட்டு வந்த ஆளுங்கதான் நாங்க. ஆனா இப்ப வந்தது இவருக்காக இல்லை. வாசல்ல இத்தனை பேர் நிக்கிறாங்க. போலீஸ் வருது. போதும், சத்தத்தை நிறுத்துங்க.”

கட்டைவிரல் அசைந்தது.

இயந்திரம் கத்துவதை நிறுத்தியது. அதை யாருமே தொடவில்லை.

கான்ட்ராக்டர் இயந்திரத்தைப் பார்த்தார். திரும்பி டிவியைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப் போனதை நான் கண்ணால் கண்டேன்.

“எக்ஸ்சேஞ்ச்ல எங்களையும் இப்படித்தான் சார் நினைப்பாங்க” என்றார் அக்கா. “நடுவுல ஒருத்தி உட்கார்ந்திருக்கா, அவளுக்கும் காது இருக்குன்னு பேசுறவனுக்குத் தோணவே தோணாது. தனியாப் பேசணும்னா வீட்டுல இருக்குறவங்க வேற ரூமுக்குப் போவாங்க. நீங்க இவங்க ரூமுக்குள்ள வந்து கதவைச் சாத்துனீங்க.”

டிவியில் தேடல் பெட்டி திறந்தது. ஓர் எழுத்து வந்தது. நாங்கள் காத்திருந்தோம். அடுத்த எழுத்து. வாசலில் நின்றவர்களில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

“எல்லாம் கேட்டது.”

கான்ட்ராக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அதைத் தொடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்த அறையில் அவரைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது.

கட்டைவிரல் திரையில் இருந்ததை அழித்தது. பிறகு நிதானமாக நகர்ந்து, இரண்டே எழுத்துகளை அமுக்கியது.

எடு.